மருத்துவமனை வார்டில் மாணவரின் மனச்சான்று

மே மாதத் தொடக்கத்தில் நீட் தேர்வு நெருங்கும்போது நம் திருத்தலங்களில் ஒரு தனிக் கூட்டத்தைக் காணலாம். வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் பெற்றோர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளையின் நுழைவுச்சீட்டை மாதா பாதத்தில் வைத்து எடுத்துச் செல்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால் பங்கில் நன்றித் திருப்பலி. பங்குத்தந்தை பெயரை வாசித்துப் பொன்னாடை போர்த்துகிறார். செவிலியர் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆரவாரம் இல்லை. நம் குடும்பங்களிலிருந்து மருத்துவத்துறைக்குப் போகிறவர்களில் அவர்கள்தாம் அதிகம் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நான்கு ஆண்டுகளோ ஐந்தரை ஆண்டுகளோ எங்கோ ஒரு விடுதியில் தங்கி, இரவும் பகலும் நோயாளிகள் நடுவே நிற்கிறது. அங்கே அதன் நம்பிக்கை என்ன ஆகிறது என்று நம் பங்குகளில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாக மகரிஷி சரகர் உறுதிமொழியை ஏற்றதைத் தொடர்ந்து பெரிய விவாதம் எழுந்தது. டீன் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். சில நாட்களில் மீண்டும் அதே பொறுப்புக்கு வந்தார். எந்த உறுதிமொழி நம் மண்ணுக்கு உரியது, எது திணிக்கப்படுகிறது என்று நாடே பேசியது. அந்தக் கேள்வியும் தேவையானதுதான். ஆனால் வெள்ளை அங்கி அணிந்து கையை நீட்டி நின்ற அந்தப் பிள்ளைகள் மறுநாள் காலை எங்கே போனார்கள், அங்கே எந்த உறுதிமொழி அவர்களுக்குக் கைகொடுத்தது என்பதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி விவாதமும் நடக்கவில்லை. நாம் அதைச் சிறிது சிந்திப்போம்.

மருத்துவ மாணவர் முதலில் சந்திக்கும் மனிதர் இறந்துபோனவர். உடற்கூறியல் கூடத்து மேசையில் கிடப்பவர்களில் பலர், யாரும் உரிமை கோராததால் சட்டப்படி கல்லூரிக்கு வந்தவர்கள். சாலையோரத்திலோ அரசு மருத்துவமனையின் ஏதோ ஒரு கட்டிலிலோ தனியாக இறந்தவர்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், இறந்த உடலை மரியாதையோடு கையாளுவதையும் கற்க வேண்டிய திறன்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நல்ல செய்தி. ஆயினும் கூடத்தில் பயத்தை மறைக்க மாணவர்கள் கேலி பேசுவதும், அந்த உடலுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் எங்கும் உள்ளவை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த புனித ஜுசேப்பே மொஸ்காத்தி, பிணப்பரிசோதனைக் கூடத்தின் சுவரில் உயரமாக ஒரு பாடுபட்ட சுரூபத்தை வைத்தார். அறிவியலில் யாருக்கும் குறையாத அவர், அறுக்கப்படும் உடலும் உயிர்ப்புக்கு உரியது என்பதைத் தம் மாணவர்களுக்கு அப்படிக் காட்டினார். நம் அரசுக் கல்லூரிகளில் சுரூபம் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டியதில்லை. இறந்தோரை அடக்கம் செய்ததற்காகவே விவிலியத்தில் போற்றப்படும் தோபித்தை அறிந்த ஒரு மாணவர், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் தன் வீட்டாரின் பெயர்களோடு அந்த மேசையில் கிடந்த பெயர் தெரியாதவரையும் நினைத்துக்கொள்ளலாமே. அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

செவிலிய மாணவியின் முதல் சோதனை இதைவிடச் சாதாரணமானது. அதனாலேயே அது ஆபத்தானது என்பது நம் எண்ணம். காலை டியூட்டியில் முப்பது, நாற்பது நோயாளிகளுக்கு வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம் மூன்றையும் பார்த்து டி.பி.ஆர். சார்ட்டில் குறிக்க வேண்டும். ஒரு நோயாளியின் மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறார்கள். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம் மூச்சுக்கு மட்டும். அதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிடும், படுக்கை மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும். எனவே முந்தைய நாள் எழுதிய எண்ணைப் பார்த்து இன்றும் 20 என்று எழுதிவிடுவது வழக்கமாகிப் போகிறது. பல மருத்துவமனைகளில் சார்ட்டைப் புரட்டிப் பார்த்தால் வார்டு முழுவதும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதுபோல இருக்கும். சீனியர்களும் அப்படித்தான் எழுதினார்கள். தட்டிக் கேட்க வேண்டியவர்களும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்கள்தாம்.

இது வெறும் சோம்பல் என்று விட்டுவிட முடியுமா? நோயாளியின் நிலை மோசமாகிறது என்பதை முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று சுவாச வேகம் கூடுவது. இரத்தத்தில் கிருமி பரவுகிறவரின் மூச்சு, இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே வேகமாகலாம். எண்ணாமல் எழுதப்பட்ட 20 அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது. பொய் சொல்லாதே என்ற கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவித்த பிள்ளை, அதை ஒரு சார்ட்டோடு சேர்த்து ஒருநாளும் யோசித்திருக்காது. நாம் அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒப்புரவு அருள்சாதனத்தில் திருப்பலி தவறியதைச் சொல்வார்கள், அம்மாவை எதிர்த்துப் பேசியதைச் சொல்வார்கள். பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக ரிக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியதைச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

கற்பித்தலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஈரல் வீங்கிய ஒருவர் சேர்ந்தால், 'நல்ல கேஸ் வந்திருக்கிறது' என்று விடுதிவரை செய்தி போகும். ஒருவர் பின் ஒருவராகப் பதினைந்து பேர் வந்து அதே வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். நோயாளி ஏழை. இலவசமாகச் சிகிச்சை பெறுகிறோம் என்ற எண்ணத்தில் வாய் திறக்க மாட்டார். மாணவர் கற்றாக வேண்டும் என்பதும் உண்மை. இன்று கல்லாத கை நாளை வேறொருவரைக் கொல்லும். ஆகவே தொடாதே என்று நாம் சொல்லவில்லை. பெயரைக் கேட்டு, தன் பெயரையும் தான் மாணவர் என்பதையும் சொல்லி, 'ஐயா, வயிற்றைப் பார்க்கலாமா? வலித்தால் சொல்லுங்கள்' என்று கேட்டு, திரையை இழுத்துவிட்டு, முடிந்தபின் சேலையைச் சரிசெய்து மூடிவிட எத்தனை விநாடி ஆகும்? நல்ல சமாரியர் உவமையில் முதலிருவரும் அடிபட்டவரைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு விலகினார்கள். மருத்துவ மாணவரோ விலகுவதில்லை. அருகிலேயே வருகிறார், உற்றுப் பார்க்கிறார், குறிப்பெடுக்கிறார், பிறகு போய்விடுகிறார். அந்த உவமையைப் படிக்கும்போது இப்படிப் பார்ப்பதையும் சேர்த்து நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் எதிர்பார்க்கும் நாம், அந்த மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழுவின் அறிக்கை 2024இல் வெளிவந்தது. அதன் ஆய்வில் பங்கெடுத்த இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகக் கூறினர். அதற்கு முந்தைய 12 மாதங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 விழுக்காடு, முதுநிலையில் 31.2 விழுக்காடு. முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களின் வேலைநேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 74 மணி என்பதே ஒரு குறைப்பு என்றால் இப்போதைய நிலை என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட பணிக்குப் பின் கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இந்நிலையில் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் 'செபம் பண்ணு, சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியன்று. செபமும் வேண்டும், மனநல மருத்துவரும் வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது என்றால் இதுவும் ஆகாது. ஞாயிறு டியூட்டியால் திருப்பலி தவறினால் பெரும் பாவம் என்று அஞ்சும் பிள்ளைகளும் உண்டு. நோயாளிகளைக் கவனிக்கும் கடமை அதற்குத் தகுந்த காரணம் என்பது திருச்சபையின் பழைமையான போதனைதான். அதைப் பங்குத்தந்தையர் வெளிப்படையாகச் சொன்னால் பலருக்கு ஆறுதலாக இருக்கும்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். கிறிஸ்தவ மருத்துவ மாணவரின் மனச்சான்று என்றாலே கருக்கலைப்பைத்தான் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் மேலைநாட்டுப் புத்தகங்களிலிருந்து வருகிறது. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின் காரணமாகக் கருக்கலைப்பில் பங்கெடுக்க மறுக்கும் உரிமையை மருத்துவருக்கும் செவிலியருக்கும் வெளிப்படையாகத் தந்திருக்கிறது. நம் நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2021இல் அது திருத்தப்பட்டு, சில பிரிவினருக்குக் கால வரம்பு 24 வாரம் வரை உயர்ந்தபோதும் சேர்க்கப்படவில்லை. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகளில் 7.15ஆம் விதியோ இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. கருத்தடை அறுவை, கருத்தடை முறைகள், சுன்னத்து, கருக்கலைப்பு ஆகியவற்றுக்கு மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதக் காரணத்தை மட்டும் காட்டிப் பதிவுபெற்ற மருத்துவர் உதவ மறுக்கக் கூடாது, தமக்கு அதில் திறமை போதாது என்று கருதினாலன்றி. இந்த விதி இருப்பதே நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. நம் மறைமாவட்டப் பயிற்சி முகாம்களிலும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல், கருக்கலைப்புக்கான ஆலோசனை, தயாரிப்பு, செயல் எதிலும் பங்கெடுக்க மறுக்கும் உரிமை மருத்துவப் பணியாளருக்கு இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. மாணவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். அவருக்குப் பதவி இல்லை, வருகைப்பதிவும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் பிறர் கையில். என்ன செய்வது? முதலில், எது பங்கெடுப்பது, எது அன்று என்பதைப் பிரித்தறியக் கற்க வேண்டும். பாடத்தைப் படிப்பதும், தேர்வில் சட்டத்தைப் பற்றி எழுதுவதும் பாவமன்று. கருக்கலைப்புக்குப் பின் இரத்தப்போக்கோடு வரும் பெண்ணைக் கவனிப்பது கடமை. அவளிடம் முகம் சுளிப்பது கிறிஸ்தவ சாட்சியம் ஆகாது. அவள் வீட்டார் கட்டாயப்படுத்தினார்களா, கணவர் விட்டுப் போனாரா, நமக்குத் தெரியாது. கருவை அழிக்கும் செயலில் கைகொடுப்பது வேறு. அங்கே, போஸ்டிங் தொடங்கும் முன்பே துறைப் பேராசிரியரையோ வார்டு சிஸ்டரையோ தனியாகச் சந்தித்துப் பணிவாகச் சொல்லி, அந்த நேரத்தில் வேறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. அறுவைக் கூடத்தில் கையுறை மாட்டிய பிறகு மறுப்பது நோயாளிக்கும் நல்லதன்று. எப்போதும் நேரமும் வேலையும் தவறாத மாணவி கேட்டால் பெரும்பாலோர் காது கொடுப்பார்கள். கடினமான வேலை வரும்போதெல்லாம் காணாமல் போகிறவர் மனச்சான்றைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? மூச்சை எண்ணி எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அதுதான்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். இரு குழந்தைகளின் தாயான 27 வயதுப் பெண், பேறுகாலத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்தவர், 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். 9ஆம் நாள் அனுமதி கிடைத்தது. அடுத்த நாள், டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் குழுவிலிருந்த ஒரு மருத்துவர் மின்னஞ்சலில் ஒரு கேள்வி எழுப்பினார். இக்குழந்தை பிறந்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உள்ளது, அதன் இதயத்தை நிறுத்த வேண்டுமா, தெளிவாகச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். இரு நீதிபதிகள் கருத்து வேறுபட்டனர். 16ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதியை மறுத்து, பிரசவச் செலவை அரசு ஏற்கவும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதைப் பெற்றோர் முடிவு செய்யவும் வழி செய்தது. அந்த மருத்துவர் எந்த மதத்தவர் என்பது நமக்கு முக்கியமில்லை. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாமல் விட்டதை அவர் எழுத்தில் கேட்டார். அந்தத் தாயின் வேதனை அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்ப்பை வரவேற்று அறிக்கை விடுவது எளிது. அப்படிப்பட்ட ஒரு தாயை நம் பங்கில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

சட்டம் நம் பக்கம் இருக்கும் இடத்திலும் நாம் தடுமாறுவதுண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் ஸ்கேன் துறையில் போஸ்டிங் இருக்கும் மாணவிக்கு ஊரிலிருந்து சித்தியின் போன் வரும்: 'ஏம்மா, நம்ம அண்ணிக்கு என்ன பிள்ளைன்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன். வேற ஒண்ணுக்குமில்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்.' கேட்கிறவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர், ஒருவேளை மாதா சபையில் பொறுப்பிலும் இருப்பவர். வார்டில் யாரிடமும் மறுத்துப் பேசத் துணியும் மாணவிக்குச் சித்தியிடம் மறுப்பதுதான் கடினம். பங்குத்தந்தையர் மறையுரையில் மாணவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கு முன் சித்திமாருக்குச் சொல்லலாம்.

நோயாளிக்காகச் செபிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அஸ்ஸாமில் 2024இல் மாந்திரீகக் குணமளிப்பைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது, நோயாளியின் அருகில் செபிப்பதும் குற்றமாகப் பார்க்கப்படுமோ என்று அங்குள்ள கிறிஸ்தவர்கள் கவலை தெரிவித்தார்கள். அக்கவலை நியாயமானது. அதே வேளையில் நாம் ஒன்றை உணர வேண்டும். படுத்திருக்கும் நோயாளிக்கு முன் மாணவரும் அதிகாரம் உடையவரே. 'செபிக்கட்டுமா?' என்று அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஏழை நோயாளிக்குத் துணிவு வராது. நோயாளியாகக் கேட்டால் தயங்காமல் செபிக்கலாம். கேட்காதவர்களுக்காக விடுதி அறையில் முழந்தாளிட்டுச் செபிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. இறக்கும் தறுவாயில் உள்ள முஸ்லிம் முதியவருக்கு அவர் மகனை உள்ளே அனுமதிக்கும்படி ஸ்டாஃப் நர்சிடம் பரிந்து பேசுவதும் கிறிஸ்தவச் செயல்தான்.

நம் திருச்சபைக்கு இத்துறையில் பெரிய மரபு உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படித்த மேரி குளோரி 1920இல் குண்டூருக்கு வந்து துறவியானார். துறவியர் மருத்துவம் பார்க்கத் திருச்சபைச் சட்டம் தடையாக இருந்த காலம் அது. தனி அனுமதி பெற்றே அவர் பணியாற்றினார். பொதுவான தடை நீங்கியது 1936இல்தான். அவர் வெறும் சிகிச்சையோடு நிற்காமல் உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பேறுகாலம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற அவர் கனவு, 1963இல் பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியாக நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. இன்று நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும். கத்தோலிக்க நிறுவனத்தின் கூரை அவர்களுக்குக் கிடையாது.

சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த நம் சகோதரர்கள் பல கல்லூரி விடுதிகளில் சிறு செபக்குழுக்கள் வைத்திருக்கிறார்கள். மூத்த மருத்துவர்கள் வாரந்தோறும் வந்து மாணவர்களோடு அமர்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், 1924இல் தொடங்கி நூற்றாண்டு கண்ட ஐக்கஃப் போன்ற நம் மாணவர் இயக்கத்தை மருத்துவ, செவிலியர் கல்லூரிகளுக்குள் எவ்வளவு தூரம் கொண்டுசென்றோம்? ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஓய்வுபெற்ற கத்தோலிக்கச் செவிலியர்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு லேபர் வார்டில் நின்றவர்கள், எந்தச் சூழலில் எப்படி மறுத்தோம், எங்கே வாய்மூடி நின்றோம் என்று சொல்லக்கூடியவர்கள். ஒரு சிறப்புச் சொற்பொழிவாளரை அழைத்து விழா நடத்துவதைவிட, அவர்களில் இருவரை மாதம் ஒருமுறை கல்லூரிக்கு அருகிலுள்ள பங்கு இல்லத்தில் தேநீரோடு உட்கார வைத்தால் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு வாய்ப்பு இன்னும் மூடப்படவில்லை. 2002ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பதிலாக 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் புதியவற்றைக் கொண்டுவந்து, பல தரப்பிலும் எதிர்ப்பு எழவே அதே ஆகஸ்ட் மாதம் 23ஆம் நாள் நிறுத்தி வைத்தது. 7.15ஆம் விதியோடு பழைய விதிமுறைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. இனி புதிய வரைவு வரும்போது பொதுமக்கள் கருத்துக் கூறக் கொடுக்கப்படும் காலம் குறுகியதாக இருக்கும். உயிர் ஆபத்தில் இருக்கும் நோயாளியைக் கைவிடாமல், அதே வேளையில் மனச்சான்றின் காரணமாக விலகிக்கொள்ளவும் இடம் தரும் ஒரு பிரிவை எப்படி எழுதலாம் என்று நம் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆயர் பேரவையின் நலவாழ்வுப் பணிக்குழுவும் இப்போதே சேர்ந்து உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று மாணவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அவர்களுக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.